டேக்ஓவர் பணம் கொடுக்கும் முன்: சிங்கப்பூரில் கடையை உள்வாடகைக்கு விடுவதும் கைமாற்றுவதும்

கடை கைமாறும்போது பேச்சு டேக்ஓவர் தொகையில்தான் தொடங்குகிறது. அடுப்பு, ஃப்ரிட்ஜ், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து இவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று முடிவாகிப் பாதிப் பணமும் சாவியும் கைமாறிய பிறகுதான், "கட்டட உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்" என்பார்கள். இது தலைகீழ் வரிசை. சாமான்களை நீங்கள் விற்கலாம். ஆனால் குத்தகையை உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதமின்றி மாற்றினால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதுவே மீறல். கடையைத் திரும்ப எடுத்துக்கொள்ள நீங்களே அவருக்குக் காரணம் கொடுத்ததாகிவிடும்.

எனவே முதலில் ஒப்பந்தத்தில் அந்த ஒரு பிரிவைத் தேடிப் படியுங்கள். உள்வாடகை, குத்தகை மாற்றம், பிறர் வசம் விடுதல், இடத்தைப் பகிர்தல் எல்லாம் பொதுவாக ஒரே பத்தியில் இருக்கும். கடை வாசலில் ஃபோன் கவர் விற்பவருக்கோ பூக்கட்டுபவருக்கோ மாத வாடகைக்கு ஒரு மூலையைக் கொடுப்பதும் பல ஒப்பந்தங்களில் இதற்குள் வந்துவிடும். "லைசென்ஸ்" (வாடகை அல்ல, இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே) என்று தலைப்பிட்ட தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில் பரவலாக உண்டு. பகிர்வதையே தடுக்கும் ஒப்பந்தத்தில் அது செல்லாது.

அதே பிரிவில் "நியாயமான காரணமின்றிச் சம்மதம் மறுக்கக் கூடாது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பைச் சட்டம் தானாகத் தந்துவிடும் என்று இங்கே எண்ணிவிட முடியாது. ஆகவே குத்தகையில் கையெழுத்திடும் நாளிலேயே அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும். கடையை விற்க முடிவெடுத்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

உள்வாடகையில் உரிமையாளருக்கு வாடகைக்காரர் நீங்கள்தான். உள்வாடகைக்காரர் பணம் தராவிட்டாலும் நீங்கள் கட்டியாக வேண்டும். உங்கள் குத்தகையின் கடைசி நாள்வரை உள்வாடகை எழுதினால், குத்தகையையே அவருக்கு முழுதாக மாற்றியதாகக் கருதப்படக்கூடும். அதனால்தான் வழக்கறிஞர்கள் ஒரு நாளாவது முன்னதாக முடியும்படி எழுதுகிறார்கள்.

உள்வாடகைக்கு வருபவருக்கும் ஆபத்து உண்டு. நீங்கள் வாடகை பாக்கி வைத்தால், 1934ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி உரிமையாளர் 12 மாத பாக்கிவரை கேட்டு, கடையிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை பெறலாம். அப்போது உள்வாடகைக்காரரின் சரக்கும் மாட்டிக்கொள்ளும். அதை மீட்க அவர்தான் உடனே நீதிமன்றம் போக வேண்டும். உள்வாடகைக்கு வருபவர் தலைமைக் குத்தகையின் (உரிமையாளரிடம் நீங்கள் எடுத்த குத்தகையின்) நகலையும் கடைசியாக வாடகை கட்டிய ரசீதையும் கேட்பதில் தவறே இல்லை.

குத்தகையை முழுதாக இன்னொருவர் பெயருக்கு மாற்றினாலும் பழையவர் தானாக விடுபடுவதில்லை. புதியவர் வாடகை கட்டாவிட்டால் உரிமையாளர் உங்களிடம் வரலாம். முழுதாக விலக, உங்கள் இடத்தில் புதியவரை வாடகைக்காரராக வைக்கும், மூவரும் கையெழுத்திடும் நோவேஷன் ஒப்பந்தம் வேண்டும். அல்லது உங்கள் குத்தகையை ஒப்படைத்து, புதியவர் நேரடியாகப் புதுக் குத்தகை எடுக்க வேண்டும். முடிந்தவரை இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. குத்தகை கம்பெனியின் பெயரில் இருந்தால், அதன் பங்குகளை விற்றுக் கடையை மாற்றும் வழியும் உண்டு. ஆனால் பங்குதாரர் மாறுவதையும் குத்தகை மாற்றமாகவே கொள்ளும் பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பழைய கடன்களும் கம்பெனியோடு கூடவே வரும்.

உள்வாடகை ஒப்பந்தத்துக்குத் தனி முத்திரை வரி. நான்கு ஆண்டுவரை என்றால் மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 6,000 வெள்ளி வீதம் 2 ஆண்டுக்கு 1,44,000 வெள்ளி. வரி 576 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரையிடாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பது அபராதத்தைவிடப் பெரிய தலைவலி. இன்னொன்று: உரிமையாளர் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர் என்றால் உங்களிடம் 9 சதவீத ஜிஎஸ்டி வாங்குவார். நீங்கள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாதவர் என்றால் அதை உள்வாடகைக்காரரிடம் வரியாக வசூலிக்க முடியாது. வாடகைக்குள்ளேயே கணக்கிட வேண்டும்.

உணவுக் கடை உரிமம் குத்தகையோடு சேர்ந்து கைமாறாது; புதியவர் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். துணிக்கடையை உணவகமாக மாற்றுவதாக இருந்தால் யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) அனுமதியையும் முதலில் பாருங்கள். லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் எல்லாக் கடைவீட்டுக்கும் அது கிடைத்துவிடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), ஜேடிசி (அரசின் தொழிற்பேட்டை அமைப்பு) இடங்களுக்கு விதிகள் தனி. சம்மதமும் அவர்களிடமே கேட்க வேண்டும்.

அதிகம் சண்டை வருவது முன்பணத்திலும் பழைய நிலைக்குத் திருப்பித் தரும் பொறுப்பிலும்தான். ஃபால்ஸ் சீலிங், எக்ஸாஸ்ட் டக்ட், கிரீஸ் டிராப், தரை ஓடு இவற்றை யார், எந்த நிலைவரை பிரித்தெடுப்பது? "உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன்" என்று புதியவர் உங்களிடம் சொன்னது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் முன்பணம் எந்தத் தேதியில், எதைக் கழித்துத் திரும்பும் என்பதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். தேதியிட்ட படங்களையும் இணையுங்கள்.

டேக்ஓவர் தொகையை வழக்கறிஞரின் கணக்கில் வைத்து, உரிமையாளரின் கையெழுத்து வந்த பிறகே விடுவிக்கச் சொல்லுங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். கடைக் குத்தகைத் தகராறைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. குத்தகை வழக்குகளில் இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்புக் குத்தகையை மட்டுமே அது விசாரிக்கும். கடை வழக்கு என்றால் 60,000 வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 2,50,000 வெள்ளிவரை மாவட்ட நீதிமன்றம்.