மே தினமும் மேடேயும்

எரியும் விமானத்திலிருந்து விமானி 'மேடே' என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை அலறுவதை, வசனம் மொழிபெயர்ப்பவர் ஒருவர் "மே தினம், மே தினம், மே தினம்" என்று எழுதினால் சிரிப்பு வரும். ஆனால் பாதிப் பழிதான் அவருக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒலி, ஒரே எழுத்துகள். பண்டிகை என்றால் நடுவில் ஓர் இடைவெளி விடுவார்கள். ஆபத்தில் எழும் குரல் என்றால் விடமாட்டார்கள். காதுக்கு அந்த இடைவெளி கேட்காது.

முதலில் பண்டிகை. மே என்ற மாதப் பெயர் லத்தீனிலிருந்து வந்தது. வளர்ச்சிக்குரிய மையா என்ற பெண்தெய்வத்தின் பெயர் அதில் இருப்பதாகச் சொல்வதே வழக்கமான விளக்கம். ரோமில் ஏப்ரல் கடைசியில் தொடங்கிப் பூக்களின் தெய்வமான ஃப்ளோராவுக்கு விழா எடுத்தார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மே முதல் நாள் பெல்டேன் என்ற நெருப்பு விழா நடந்தது. இங்கிலாந்து ஊர்களில் கம்பம் நட்டு அதைச் சுற்றி ஆடினார்கள். ஒரு பெண்ணுக்குப் பூமுடி சூட்டி 'மே அரசி' ஆக்கினார்கள். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரின் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றத்துக்கு இந்தக் கொண்டாட்டம் பொறுக்கவில்லை. 1644இல் கம்பங்களுக்குத் தடை போட்டது. 1660இல் மன்னராட்சி திரும்பியது, கம்பங்களும் திரும்பின.

தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பதால் மே முதல் நாள் நமக்கும் இளவேனிலுக்குள்தான் வருகிறது. சோழர் துறைமுகமான புகாரில் இந்திர விழா எடுத்ததும் சித்திரையில்தான். ஆனாலும் கத்திரி வெயில் தொடங்க மூன்றே நாள் இருக்கும்போது கம்பத்தைச் சுற்றி ஆட நம் ஊரில் யாருக்கு மனம் வரும்? ஐரோப்பிய விழாவைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் 'இளவேனில் விழா' என்பதே போதும்.

நமக்குத் தெரிந்த மே தினம் வேறு. 1886ஆம் ஆண்டு மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. 1889இல் பாரிசில் கூடிய சோசலிஸ்டுகளின் சர்வதேச மாநாடு மே 1ஐப் போராட்ட நாளாக அறிவித்தது. பூவுக்கும் கம்பத்துக்கும் இதில் பங்கில்லை. 'மேதினி போற்றும் மே தினம்' என்ற மேடை மோனையிலும் ஒலி மட்டுமே ஒட்டுகிறது. உலகைக் குறிக்கும் மேதினி வடமொழிச் சொல், அதற்கும் மே மாதத்துக்கும் உறவு கிடையாது. 'தினம்' வேண்டாம் என்பவர்கள் 'மே நாள்', 'உழைப்பாளர் நாள்' என்று எழுதலாம். இரண்டும் வழக்கில் இருப்பவையே.

சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923இல். விமானிகளின் மேடே பத்திரிகைச் செய்தியானதும் அதே ஆண்டில்தான். தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அந்த மேடே பிறந்த இடம் லண்டனை அடுத்த குராய்டன் விமான நிலையம். அங்கே மூத்த வானொலி அதிகாரியாக இருந்தவர் ஃபிரடெரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்டு. கப்பல்கள் மோர்ஸ் தந்தியில் அனுப்பிய எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறி புள்ளியும் கோடுமாக வரும்போது தெளிவாக இருந்தது. இரைச்சலுக்கு நடுவே வாயால் சொன்னால் 'எஸ்' சரியாகக் காதில் விழவில்லை. அன்று குராய்டனுக்கும் பாரிசின் லெ பூர்ஜே விமான நிலையத்துக்கும் இடையேதான் விமானப் போக்குவரத்து மிகுதி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருபோலப் புரிந்துகொள்ளும் ஒரு சொல் தேவைப்பட்டது. 'எனக்கு உதவ வாருங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் வாலை, அதாவது 'மேதே' என்று ஒலிக்கும் பகுதியை, ஆங்கில நாக்குக்கு ஏற்ப மாக்ஃபோர்டு 'மேடே' ஆக்கினார். 1927இல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், செய்ன் நதியில் மூழ்கும் பிரெஞ்சுக்காரர் இப்படிக் கத்தமாட்டார். 'ஓ செகூர்' என்றுதான் கத்துவார்.

மூன்று முறை சொல்வது பதற்றத்தால் அல்ல, விதியால். இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்டுவிடக் கூடாது. வேறொருவருடைய மேடேயைப் பற்றிய பேச்சு என்றும் எண்ணிவிடக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு 'பான்-பான்' என்ற தனி அழைப்பு உண்டு. அதுவும் பிரெஞ்சு, வண்டி பழுதாகி நிற்பதைக் குறிக்கும் 'பான்' என்ற சொல்.

இனி தமிழ். 'அபயக்குரல்' நல்ல சொல். பயமின்மை என்று பொருள்படும் வடசொல் தமிழில் அடைக்கலம் என்று விரிந்து, காப்பாற்றக் கோரும் குரலுக்கும் பெயராகியிருக்கிறது. 'அபாயக்குரல்' என்று எழுதுவோரும் உண்டு. ஒரு துணைக்கால் கூடினால் பாதுகாப்பு ஆபத்தாகிவிடுகிறது, கவனம்! பழைய தமிழில் 'ஓலம்' என்பதே காக்கும்படி முறையிடும் குரல்தான். இன்று அது மரண ஓலமாகக் குறுகிவிட்டது. தனித்தமிழ் விரும்பினால் 'இடர் அழைப்பு' எனலாம்.

ஆனால் இவையெல்லாம் செய்தியில் எழுத. "விமானியிடமிருந்து அபயக்குரல் வந்தது" என்பது சரி. விமானியின் வாயில் வரும் சொல்லை மட்டும் 'மேடே' என்றே விட்டுவிட வேண்டும். எந்த நாட்டுக் காதுக்கும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றே உருவாக்கிய சொல் அது. பிரான்சிலும் இன்று அதையே சொல்கிறார்கள்.