‘கண்டெடுக்கப்பட்ட காட்சி’ வேண்டாம், ‘உட்பதிவு’ போதும்

கதையில் வருகிறவர்களே கேமராவில் எடுத்த பதிவுபோல நகரும் படங்களை ஆங்கிலத்தில் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்பார்கள். அதைக் ‘கண்டெடுக்கப்பட்ட காட்சி’ என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தச் சொல் படத்தையே தப்பாகப் பார்க்க வைக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. வியாசர்பாடியில் நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, 2012-இல் வந்த ‘க்ரானிக்கிள்’ என்ற அந்த வகை ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் வந்த முதல் கேள்வி, “சரிப்பா, இதை யாரு கண்டெடுத்தாங்க?” அப்புறம் பேச்சு முழுக்க அதிலேயே போயிற்று. படத்தில் யாரும் எதையும் கண்டெடுக்கவில்லை. எங்கோ படித்த விமரிசனத்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பெயர்தான் கேள்வியைக் கிளப்பிவிட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. ஃபிலிம் காலத்தில் எடுத்த படத்தை அடிக்கணக்கில் அளந்தார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. அடியைக் குறிக்கும் ‘ஃபுட்’டிலிருந்து ‘ஃபுட்டேஜ்’. ஃபிலிம் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

சிக்கல் ‘ஃபவுண்ட்’டில் இருக்கிறது. ஆங்கிலத்திலேயே இந்தத் தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. யாரோ எப்போதோ எடுத்த செய்திப்படத் துண்டுகளையும் பழைய படத் துண்டுகளையும் வெட்டி ஒட்டிப் புதுப்படம் செய்வது ஒன்று. 1958-இல் அமெரிக்கக் கலைஞர் புரூஸ் கானர் அப்படி ஒரு படம் செய்தார். அதற்குக் ‘கண்டெடுத்த காட்சி’ என்ற பெயர் கச்சிதம், கொடுத்துவிடலாம். இன்னொன்று கதைப்படம். 1999-இல் வந்த ‘பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’டில் மூன்று மாணவர்கள் காட்டில் காணாமல் போகிறார்கள், அவர்கள் எடுத்தது பின்னால் கிடைக்கிறது. அங்கேயும் கண்டெடுப்பு கதையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த வகை வளர்ந்து எங்கெங்கோ போன பிறகும் ஆங்கிலத்தில் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் பாடு. நாம் புதிதாகப் பெயர் வைக்கும்போது அந்தப் பழைய ஒட்டையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

‘க்ரானிக்கிள்’ சியாட்டிலில் நடக்கும் கதை. பள்ளி மாணவர்கள் மூன்று பேருக்குத் தொடாமலே பொருளை நகர்த்தும் சக்தி வருகிறது. அடிக்கும் அப்பா, படுக்கையில் கிடக்கும் அம்மா. இவற்றுக்கு நடுவே அவர்களில் ஒருவனான ஆண்ட்ரூ எல்லாவற்றையும் கேமராவில் பதிகிறான். சக்தி கூடக் கூட, கேமராவை அந்தரத்தில் மிதக்கவிட்டுத் தன்னையே எடுக்கிறான். ‘கைக்கேமரா படம்’ என்று சிலர் சொல்வதும் இங்கேயே அடிபட்டுப் போகிறது, கேமரா கையிலேயே இல்லையே! முடிவில் மூவரில் இன்னொருவனான மேட் திபெத்தில் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போகிறான். அதை யாரோ எடுத்திருப்பார்கள் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் விடாமல் வாதாடினார். அப்படியானால் கண்காணிப்புக் கேமராவில் விழுந்ததெல்லாம் அந்த ஒரு கேமராவுக்குள் எப்படி வந்தது? அவரிடம் பதில் இல்லை.

இந்த வகைக்கு அடிப்படை, கேமராவும் கதைக்குள்ளேயே ஒரு பொருளாக இருப்பது. கதைக்குள் கதை உட்கதை என்றால், கதைக்குள் பதிவு உட்பதிவு. ‘உட்பதிவுப் படம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது. ‘பதிவு’ புதுச்சொல்லும் இல்லை. காசிமேட்டில் பைக் திருடு போனால்கூடச் செய்தியில் ‘கேமராவில் பதிவான காட்சி’ என்றுதான் வரும்.

பெயர் சரியானால் கேள்வியும் சரியாகும். யார் கண்டெடுத்தார் என்பதை விட்டு, யார் எடுக்கிறார், ஏன் எடுக்கிறார் என்று கேட்போம். அப்படிக் கேட்டால், இயக்குநர் ஜோஷ் ட்ராங்க்கின் முதல் படமான ‘க்ரானிக்கிள்’ எனக்குச் சுமார்தான். மேகத்துக்கு நடுவே பறந்து பறந்து பந்து விளையாடும் இடம் வரை கேமராவுக்குக் காரணம் இருக்கிறது, பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அப்புறம் காரணம் தேய்கிறது. கேசி என்ற பெண் இரண்டாவது கேமராவைத் தூக்குவதற்காகவே வந்து போகிறாள். ஸ்பேஸ் நீடில் கோபுரத்தில் ஆண்ட்ரூ சுற்றுலா வந்தவர்களின் போன்களைப் பிடுங்கித் தன்னைச் சுற்றி மிதக்கவிடும் இடத்தில் மட்டும் சக்தியும் பதிவும் ஒன்றாகின்றன. படம் நெடுக அப்படி இருந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவிட்டுப் பொருளைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. க்ரானிக்கிள் என்ற தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தில் வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு அது ‘நாளாகமம்’, கத்தோலிக்கர்களுக்குக் ‘குறிப்பேடு’. இரண்டும் எவ்வளவு அழகு! இன்று, அவ்வளவாக உற்சாகமில்லாத என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் ‘லூக்வார்ம்’ என்பதை அப்படியே பெயர்த்து, இதே படத்துக்கு ‘வெதுவெதுப்பான வரவேற்பு’ என்று எழுதுகிறார்கள். வெதுவெதுப்பு தமிழில் இதமான சூடு. பிள்ளைக்குக் குளிக்க ஊற்றுவது வெதுவெதுப்பான தண்ணீர். அந்தச் சொல்லைப் படிக்கிற தமிழர் படம் பிடித்துப்போனதாகத்தான் நினைப்பார். ‘மந்தமான வரவேற்பு’ என்று எழுதினால் குறையா? எங்கள் பக்கம் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர் அதையும் சுருக்கி “சுமாரா இருக்குபா” என்பார்.