ஒரே ஆலைக்குள் பல விஸ்கிகள்

ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகள் தங்களுக்குள் பீப்பாய்களை மாற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம். பல விஸ்கிகளைச் சேர்த்துச் செய்யும் கலவைக்குப் புகை மணமுள்ள மது வேண்டுமென்றால் ஐலா தீவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானில் அந்தக் கொடுக்கல் வாங்கல் வேரூன்றவில்லை. அங்கே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய வகைகளையெல்லாம் தானே வடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜப்பானிய சிங்கிள் மால்ட்டின் நுட்பம் இந்த நெருக்கடியில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு ஒரே ஆலையில் வடித்தது. கியோட்டோவுக்கு அருகே, 1923-இல் ஷின்ஜிரோ டோரி தொடங்கிய யாமாசாகி ஆலையில் செப்புக் கொப்பரைகள் பல வடிவங்களில் நிற்கின்றன. கழுத்து நீண்ட கொப்பரையில் ஆவி மேலேறும்போது, கனமான சேர்மங்கள் செப்புச் சுவரில் குளிர்ந்து மீண்டும் கீழே வழிந்துவிடும்; பழ மணம் கொண்ட லேசானவையே பெரும்பாலும் அப்பால் செல்லும். கழுத்து குட்டையானால் எண்ணெய்ப் பதமும் கனமும் மிகும். நொதிக்கவைக்கும் தொட்டிகளிலும் மரம், எஃகு என இரு வகை உண்டு. மரத்தில் குடியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் சுவைக்கு இன்னோர் அடுக்கைச் சேர்க்கின்றன.

ஸ்காட்லாந்தில் தொழில் கற்றுவந்து யாமாசாகியை உருவாக்க உதவிய மசாடாகா டாகெட்சுரு, 1934-இல் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் யோய்ச்சியில் தனி ஆலை கண்டார். அங்கே கொப்பரைக்கு அடியில் இன்றும் நிலக்கரி எரிகிறது. தொழிலாளர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரியை அள்ளிப் போட்டுத் தீயின் அளவைக் காக்கிறார்கள். நேரடிச் சூட்டில் அடிப்பகுதி லேசாகத் தீய்வதால் வரும் வறுத்த மணம்தான் யோய்ச்சியின் அடையாளம்.

மதுவை ஊறவைக்கும் பீப்பாய்களுக்கு மிசுனாரா என்ற ஜப்பானிய ஓக் மரம் வந்ததும் தட்டுப்பாட்டால்தான். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பீப்பாய்கள் வரத்து நின்றதால் உள்ளூர் மரத்தை நாடினார்கள். அமெரிக்க வெள்ளை ஓக்கின் நுண்குழாய்களைத் திசு வளர்ந்து அடைத்திருக்கும். மிசுனாராவில் அந்த அடைப்பு குறைவு. ஆகவே பீப்பாய் கசியும். மரம் நேராக வளராததால் பலகை அறுப்பதும் கடினம். இளம் மதுவில் மர நெடி தூக்கலாக இருந்ததால் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. இருபது ஆண்டு போல ஊறிய பிறகே சந்தனமும் அகிலும் கலந்த மணம் எழுந்தது. பீப்பாய்க்கு ஏற்ற பருமன் வர மரத்துக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்த மது பெரும்பாலும் கலவையில் சிறு பங்காகவே சேர்க்கப்படுகிறது.