கண்ணாடி மாறிவிட்டதா, கண்ணே மாறிவிட்டதா?

ஐம்பது வயதில் ஒருவர் வந்து, "பேப்பரைக் கையை நீட்டிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது, டாக்டர்" என்றால், சேலத்தில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்கு யோசிக்க அதிகமில்லை. சாளேசுவரம். பிளஸ் ஒன்று, ஒன்றரை என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

2009-ல் இதே புகார் சர்வதேச விண்வெளி நிலையத்தில் எழுந்தது. நாசாவின் மைக்கேல் பாரட்டுக்கு அப்போது வயது 50. கனடாவின் ராபர்ட் தர்ஸ்க் அவரைவிட மூத்தவர். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை. வயசுக் கோளாறு என்று விட்டிருக்கலாம். இருவருமே மருத்துவர்கள், விடவில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதித்துக்கொண்டார்கள்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அறையை இருட்டாக்கி, நோயாளியின் மூச்சு நம் கன்னத்தில் படும் அளவுக்கு நெருங்கி, ஆப்தல்மாஸ்கோப்பின் ஒளியைக் கண்மணி வழியே உள்ளே செலுத்துவோம். ஆரஞ்சு நிறப் பரப்பில் ரத்தக்குழாய்கள் எல்லாம் கூடும் இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு மூளைக்குக் கிளம்பும் வாசல் அது. அதன் விளிம்பு கோடு போட்டாற்போல் இருக்க வேண்டும். கலங்கி உப்பியிருந்தால் அன்றைக்கே ஸ்கேனுக்கு அனுப்புவோம். தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். பாரட்டும் தர்ஸ்க்கும் பார்த்தது அந்த வீக்கத்தைத்தான். அங்கே எம்.ஆர்.ஐ. ஏது? அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்று இருந்தது.

வீக்கம் ஏன் வந்தது? மேலே ஈர்ப்பு இல்லை என்று பலரும் சொல்வதிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் வரும். சேலத்தில் 50 கிலோ காட்டும் ஸ்பிரிங் தராசு, சேர்வராயன் மலை உச்சியில் 25 கிராம்கூடக் குறைத்துக் காட்டாது. நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அங்கேயும் தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிச் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை உணரப்படுவதில்லை. (காற்றழுத்தம் தனிக் கதை. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்கிறதே, அந்த அளவுக்குக்கூட நிலையத்துக்குள் அழுத்தம் குறைவதில்லை. கடல்மட்டத்து அழுத்தத்தையே வைத்திருக்கிறார்கள்.)

எடை போனதும் காலில் தேங்கும் திரவத்தில் சுமார் 2 லிட்டர் மேல்நோக்கி நகர்கிறது. முகம் உப்பும், மூக்கடைக்கும், கால் குச்சியாகும். அப்படியானால் மண்டைக்குள் அழுத்தம் எகிறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இதை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. புற்றுநோய் மருந்து செலுத்துவதற்காக முன்பே தலையில் ரிசர்வாயர் (தோலுக்கடியில் சிறு மருந்துப் பை, அதிலிருந்து மூளைக்குள் போகும் குழாய்) பொருத்தப்பட்ட தன்னார்வலர்கள், ஏறி இறங்கி இருபது விநாடிபோல எடையின்மை தரும் விமானத்தில் பறந்தார்கள். அந்தக் குழாய் வழியே அழுத்தத்தை அளந்தபோது, படுத்திருக்கையில் இருப்பதைவிடக் குறைவாகவும், நிமிர்ந்திருக்கையில் இருப்பதைவிட அதிகமாகவும் இருந்தது.

இங்கே நாம் எழுந்து உட்கார்ந்தால் தலைக்குள் அழுத்தம் இறங்கும். பகல் முழுக்க மூளைக்கும் கண்ணுக்கும் கிடைக்கும் ஓய்வு அது. அங்கே எழுவதும் இல்லை, படுப்பதும் இல்லை. லேசான அழுத்தம் மாதக்கணக்கில் விடாமல் இருக்கிறது. இதுதான் முழுக் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. கண் மருத்துவனாக எனக்கு இது நம்பும்படி இருக்கிறது.

காற்றிறங்கிய பந்தைச் சுவரோடு வைத்து அழுத்தினாற்போல, சிலருக்குக் கண்ணின் பின்புறம் தட்டையாகியிருந்தது. கண்ணின் நீளம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பவர் ஏறக்குறைய 3 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) மாறும். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போனாலே நான் தினமும் எழுதும் அந்தப் பிளஸ் ஒன்று. சுமார் 300 விண்வெளி வீரர்களிடம் கேட்டுத் தொகுத்து 2011-ல் வெளியான கட்டுரையில், நீண்ட பயணம் போனவர்களில் 60 சதவீதம்போலப் பார்வை குறைந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சொன்னவர்களே மருத்துவராகவும் இருந்தபோது விஷயம் வேகம் பிடித்தது. இப்போது பிளஸ் கூட்டிய கண்ணாடியை முன்கூட்டியே தயார்செய்து கொடுத்தனுப்புகிறார்கள்.

கழுத்துச் சிரைகளையும் (தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு இறக்கும் குழாய்கள்) இதே காரணத்துக்காக ஸ்கேன் செய்தார்கள். 2019-ல் வந்த ஆய்வில், 11 பேரில் 6 பேருக்குக் கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கி நின்றது, அல்லது பின்னோக்கி ஓடியது. ஒருவருக்கு ரத்தக்கட்டியே இருந்தது. பூமியிலிருந்த மருத்துவர்கள் வழிகாட்ட, அவரே தன் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துக்கொண்டார். கையிருப்பில் இருந்த ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்தை அளந்து அளந்து போட்டார்கள். பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரை போனது. குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே அங்கே ஒரு வித்தை. மருந்து அடியில் தங்காது, காற்றுக் குமிழியோடு கலந்து நிற்கும்.

நிலையத்தில் இருப்பவரோடு பூமியிலிருந்து உடனுக்குடன் பேசலாம் என்பதால் அந்த ஸ்கேன் நடந்தது. செவ்வாய்க்குப் போகிறவர் கழுத்தில் கருவியை வைத்து, "இப்போ எந்தப் பக்கம் நகர்த்தணும்?" என்று கேட்டால், கிரகம் தூரத்தில் இருக்கும் நாட்களில் கேள்வி இங்கே வந்துசேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பதில் போக இன்னொரு 20. அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒருவர் கலத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அந்த ஒருவருக்கே கட்டி வந்தால் கருவியை யார் பிடிப்பது என்பதற்கு இன்னும் ஏற்பாடு ஆகவில்லை.