விண்டேஜ்: பழையது, தொன்மையானது, தேறியது

சென்னையில் பழைய ஒலிக்கருவிகளை வாங்கி விற்போரிடையே இன்று மிகுதியாகப் புழங்கும் சொல் விண்டேஜ். 1970களில் செய்யப்பட்ட ஸ்பீக்கர் இணையொன்றை விற்க முன்வருபவர் அதைப் பழையது என்று சொல்லத் தயங்குகிறார். விண்டேஜ் என்றால் விலை உயர்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் தொகை எதற்குரியது என்று தெரிய வேண்டுமானால், சொல்லின் பொருள் முதலில் தெளிவாக வேண்டும்.

இச்சொல்லின் வேர் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. இலத்தீனில் வீனும் என்பது திராட்சை மது; டேமெரே என்பது பறித்தெடுத்தல். இரண்டும் இணைந்து வின்டேமியா என்றாகித் திராட்சை அறுவடையைக் குறித்தன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த அச்சொல், மது வணிகரைக் குறிக்கும் வின்ட்னர் என்னும் சொல்லின் சாயல் படிந்து, 15ஆம் நூற்றாண்டில் விண்டேஜ் என்று உருமாறியது. அறுவடையைக் குறித்த சொல் பின்னர் அறுவடையான ஆண்டையும், அதன் பிறகு நல்ல விளைச்சல் கண்ட ஆண்டின் மதுவையும் குறிக்கலாயிற்று. மதுவிலிருந்து பிற பொருள்களுக்குத் தாவியது 20ஆம் நூற்றாண்டில்தான். பிரிட்டனில் கார் விரும்பிகள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளை மட்டுமே விண்டேஜ் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கர்களுக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. ஆனால் சொல்லின் தொடக்கப் பொருளில் இருந்த இரண்டு கூறுகளை மறந்துவிடக் கூடாது. ஒன்று, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்திருத்தல். மற்றொன்று, அந்த ஆண்டின் ஆக்கம் சிறந்ததென்று பிற்காலம் ஒப்புக்கொண்டிருத்தல். வெறும் வயதுக்கு இந்தச் சொல்லில் இடமில்லை.

தமிழில் பழைய என்று எளிதாகச் சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். பழைய என்பது தமிழில் எப்போதும் தாழ்வான சொல்லும் அன்று. அரிசிக் கடையில் பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட விலை அதிகம். சோறு குழையாமல் உதிரியாக வரும் என்பதால் அதையே கேட்டு வாங்குகிறோம். ஆனால் மின்கருவியின் முன்னால் அதே சொல் வரும்போது, காயலான் கடைக்குப் போக வேண்டிய பொருள் என்றே காதில் விழுகிறது. அகராதிகள் சில இடங்களில் தரும் தொன்மையான என்பதும் பொருந்தவில்லை. இந்தியச் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்படக் குறைந்தது 100 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். இன்று நம் வீடுகளில் உள்ள கூம்புத்தாள் ஸ்பீக்கரின் அமைப்பையே செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல்தான் வெளியிட்டார்கள். எனவே கைக்குக் கிடைக்கும் இணை எதுவும் தொன்மையானதாக இருப்பது மிக அரிது. பழம்பெரும் என்பது நல்ல சொல். எனினும் நடிகர், பாடகர், தலைவர் என மனிதர்களோடு அது ஒட்டிவிட்டது. பாரம்பரிய என்பது வழிவழியாக வந்ததைக் குறிக்கும்; அறியாத ஒருவரிடம் பணம் கொடுத்து வாங்கும் பொருளுக்கு அது ஒவ்வாது.

என் பரிந்துரை தேறு என்னும் வினையிலிருந்து வருகிறது. தேறு என்பதன் அடிப்படைப் பொருள் தெளிதல். கலங்கல் அடியில் தங்கித் தெளிந்த மதுவைச் சங்கப் புலவர்கள் தேறல் என்றார்கள். மூங்கிற்குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறலும் அவர்கள் பாடல்களில் வருகிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். மேற்கிலிருந்து கடல்வழி வந்த மதுவுக்கு ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் காத்திருந்தது என்பதை இந்த அடி காட்டுகிறது; விண்டேஜின் வேரும் நம் தேறலும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி உண்டாகிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்க உதவும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இதே வேர்தான் உள்ளது. தெளிதல் என்ற பொருள் விரிந்து, தேர்வில் தேறுதல், நோயிலிருந்து உடல் தேறுதல், கணக்கில் இவ்வளவு தேறும் என்று மதிப்பிடுதல் எனப் பல வழக்குகள் ஆயின.

சென்னையில் பழுதுபார்ப்போர் வாயில் இச்சொல் நாள்தோறும் வாழ்கிறது. மாணவப் பருவம் முதல் நான் விரும்பிய ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் இணை, அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய ஒரு பெரியவரின் மயிலாப்பூர் வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது. எட்கர் வில்சர், ஹென்றி க்ளாஸ் ஆகியோர் 1954இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் 1967இல் வெளியிட்ட வகை அது. முற்றிலும் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே, தாழ்சுரங்களை ஒலிக்கும் உறுப்பான வூஃபருக்குச் சுருள்வில்லாகப் பயன்படுத்தி, அளவில் அடங்கிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த தாழ்சுரங்களைப் பிறப்பிக்கும் வில்சரின் முறைக்கு அது சிறந்த சான்று. சென்னையின் மின்கருவிச் சந்தையான ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் ஒருவர் 12 அங்குல வூஃபரின் கூம்பைப் பக்கத்துக்கொன்றாக விரல் வைத்துச் சீராக அழுத்திப் பார்த்தார். காற்றுக் கசிவில்லாத பெட்டியில் உள்ளே போன கூம்பு மெதுவாகத் திரும்ப வேண்டும். இங்கே உடனே துள்ளி வந்தது. விளிம்பில் உள்ள ஃபோம் வளையம் பொடிந்திருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊரில் அந்த ஃபோம் நெடுங்காலம் தாங்குவதில்லை. கூம்பு உரசாமல் நகர்ந்ததையும் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் அறுபடாமல் இருந்ததை மல்டிமீட்டரிலும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஃபோம்தான் சார் போயிருக்கு, காயில் நல்லா இருக்கு. மாத்தினா தேறும்." பின்பக்கத்தில் நடுச்சுரத்தையும் உச்சச்சுரத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகிகள் இவ்வகையில் துருப்பிடிப்பது வழக்கம், அவற்றைத் துப்புரவு செய்யாமல் உச்சச்சுரத்தை ஒலிக்கும் ட்வீட்டரே கெட்டுவிட்டதென்று முடிவுகட்டலாகாது என்பதையும் அவரே சொன்னார். அவர் சொன்ன தேறும் என்ற ஒற்றைச் சொல்லில் ஆய்வும் தீர்ப்பும் நம்பிக்கையும் அடங்கியிருந்தன.

ஆகவே விண்டேஜ் ஸ்பீக்கர் என்பதைக் காலத்தால் தேறிய ஒலிபெருக்கி என்று எழுதலாம். ஒலிபெருக்கி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. ஒலி, பெருக்கு என்னும் சொற்களோடு, மண்வெட்டி என்பதில் போல இகர விகுதி சேர்ந்து அது அமைந்தது. கூர்ந்து நோக்கினால் மின்னலையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கர் அந்த மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றுகிறது. எனினும் ஒலிவாங்கிக்கு இணையாக ஒலிபெருக்கி வேரூன்றிவிட்டதால் அதை விலக்க வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரைப் பாடநூல்களைப் பின்பற்றிப் பெருக்கி என்று சொன்னால் குழப்பம் நீங்கும். செகண்ட் ஹேண்ட் என்பதைக் கைமாற்று என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு, கைமாற்று என்பது வட்டியின்றி வாங்கும் குறுங்கடன். பிறர் பயன்படுத்திய என்பதே போதும்.

தேறிய என்னும் அடைமொழியை எல்லாவற்றுக்கும் வழங்கக் கூடாது. அசல் பெட்டிக்குள் வேறு நிறுவனத்தின் வூஃபரைப் பொருத்தியிருந்தாலோ, இணையின் இரு பெட்டிகளும் வெவ்வேறு காலத்தவையாக இருந்தாலோ, ஈரத்தில் பெட்டியின் பலகை உப்பிப் பிளந்திருந்தாலோ, ஆண்டு எவ்வளவு பழையதாயினும் அது பழைய ஸ்பீக்கர் மட்டுமே. அதற்குரிய விலையும் பழைய ஸ்பீக்கரின் விலையே. ஃபோம் வளையம், சுரங்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உலர்ந்துபோன கெப்பாசிட்டர் போன்ற தேயும் உறுப்புகளை அதே அளவில் மாற்றியிருப்பது அந்தத் தகுதியைக் குறைப்பதில்லை.