உண்ணிக் காய்ச்சல் எது, பபேசியா எது?

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெர்சி கலப்பு மாடு வைத்திருக்கிறார். போன மாதம் அது தீனி எடுக்காமல் நின்றது. மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் போனது. பார்க்க வந்த மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, "உண்ணிக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நேரே என்னிடம் வந்தார். "தம்பி, பேரனுக்குத் தீபாவளி சமயத்துல வந்துச்சே, அதே உண்ணிக் காய்ச்சலாம். இந்த மாட்டுக்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. வித்துடலாம்னு இருக்கேன்."

பேரனுக்கு வந்தது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சல். மாட்டுக்கு வந்தது பபேசியா, உண்ணி கடத்தும் ஒட்டுண்ணி நோய். இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஒரே பெயர் இருப்பதால் ஒரு குடும்பம் கறவை மாட்டை விற்கப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பபேசியாவின் பெயர்க் கதை. 1888இல் ருமேனியாவில் விக்டர் பபேஷ் என்பவர், ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்த மாடுகளின் சிவப்பணுக்களுக்குள் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதை அவர் பாக்டீரியா என்றே நினைத்தார். 1893இல் ஸ்டார்கோவிச் என்பவர் அதற்கு பபேஷின் பெயரையே வைத்தார். உண்மையில் அது மலேரியாக் கிருமியைப் போன்ற ஓரணு ஒட்டுண்ணி. அதே 1893இல் அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலைக் கடத்துவது உண்ணிதான் என்று நிறுவினார்கள். ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு வந்து, சீகூர் பக்கம் போய்க் காய்ச்சலில் விழுந்து, பிறகு கொசுவில் மலேரியாக் கிருமியைக் கண்டதெல்லாம் நான்கு ஆண்டு கழித்துத்தான். பபேசியாவின் இன்னொரு பெயர் பைரோபிளாஸ்மா. பைரம் என்றால் லத்தீனில் பேரிக்காய். நம் மலைப் பேரிக்காய் இரண்டைக் காம்போடு காம்பு சேர்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, சிவப்பணுவுக்குள் அப்படித் தெரியும். நாய்களைப் பிடிக்கும் கிப்சோனி என்ற பபேசியா வகையை 1910இல் முதலில் விவரித்ததே மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்திலிருந்துதான். மனிதருக்கும் வரும் என்று தெரிந்தது 1957இல், யுகோஸ்லாவியாவில், மண்ணீரல் எடுக்கப்பட்ட ஒரு விவசாயி இறந்தபோது.

சரி, உண்ணிக்கு வருவோம். உண் என்ற வேரில் பிறந்தது உண்ணி. உண்பது என்று பொருள். ஊனுண்ணி, தாவரவுண்ணி என்று பின்னொட்டாகவும் வரும். தனியாக நின்றால் மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல ஊதும் அந்தப் பூச்சி மட்டும்தான். சாமை விதைத்தவருக்கும் மாடு மேய்த்தவருக்கும் இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

குழப்பத்தைக் கொண்டுவந்தவர்கள் மொழிபெயர்த்தவர்கள். ஸ்க்ரப் டைஃபஸைக் கடத்துவது உண்ணியே அல்ல. புதரில் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னப் பூச்சியின் இளம்பருவம் அது. தேயிலைக்காரர்கள் செடியில் வரும் அதன் இனத்தைச் சிவப்புச் சிலந்தி என்பார்கள். அகராதியில் அந்த இனத்துக்குச் சிற்றுண்ணி என்று போட்டிருக்கிறது. செய்தி எழுதியவர் "சிறு"வை விட்டுவிட்டார். உண்ணிக் காய்ச்சல் பிறந்துவிட்டது. கால்நடைத் துண்டறிக்கைகளோ அதே பெயரை பபேசியாவுக்கு வைத்திருக்கின்றன. அவர்கள் பக்கமாவது நியாயம் உண்டு, அங்கே உண்மையிலேயே உண்ணி இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு வரும் இன்னொரு ஒட்டுண்ணி நோயான தைலீரியாவையும் உண்ணிதான் கடத்துகிறது. 1957இல் கர்நாடகத்தில் சிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் கண்டுபிடித்த வைரஸ் நோயும் உண்ணியால்தான் வருகிறது, அதைக் குரங்குக் காய்ச்சல் என்கிறோம். உண்ணி கடத்தும் இந்த நோய்க்கு உண்ணிப் பெயர் இல்லை, உண்ணி கடத்தாத ஸ்க்ரப் டைஃபஸுக்கு இருக்கிறது.

இது சொல் சுத்தம் பார்க்கிற சண்டை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்க்ரப் டைஃபஸ் பாக்டீரியாவால் வருவது, டாக்சிசைக்ளினுக்குக் கேட்கும். பபேசியாவுக்கு மருந்தே வேறு: மனிதருக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தருகிறார்கள், மாட்டுக்கு வேறு ஊசி. பெயரைக் கேட்டுவிட்டு மருந்துக் கடையில் போய் நிற்கும் ஊரில் இது சின்ன விஷயமா?

"ஒட்டுண்ணிக் காய்ச்சல்" என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். எனக்கு அது ஒப்பவே இல்லை. மலேரியாவும் ஒட்டுண்ணிக் காய்ச்சல்தானே? அதோடு, உண்ணியையும் ஒட்டுண்ணியையும் ஒன்றாக நினைக்கிற தப்பு ஏற்கெனவே நாளிதழ்களில் பரவிக் கிடக்கிறது. பேன் ஒட்டுண்ணி, குடற்புழு ஒட்டுண்ணி, உண்ணியும் ஒட்டுண்ணி, உண்ணிக்குள் இருக்கும் பபேசியாவும் ஒட்டுண்ணி. வகையின் பெயரை எடுத்து ஒன்றின் தலையில் கட்டினால் அது விளக்கமாகாது. "குருதிச் செவ்வணு ஒட்டுண்ணி நோய்" என்று நீட்டுபவர்களுக்கும் இதே பதில்தான்.

தமிழில் சொல் இருக்கும் இடத்தில் தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்று நிற்பவன் நான். ஆனால் இது ஒரு மனிதரின் பெயர். காலராவையும் மலேரியாவையும் நாவில் ஏற்றிக்கொண்டது போல இதையும் பபேசியா நோய் என்றே சொல்லலாம். பேபிசியா, பாபேசியா, பெபீசியா என்று ஆளுக்கொன்றாக எழுதுவதை நிறுத்தி, பபேஷ் என்ற பெயருக்கு நெருக்கமான இந்த எழுத்திலேயே நிற்கலாம். மாட்டுக்கு வரும்போது செந்நீர் நோய் என்றால் பார்த்ததுமே புரியும். ஸ்க்ரப் டைஃபஸுக்குப் புதர்க் காய்ச்சல் போதும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடும்.

அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன்: பேரனுக்கு வந்தது புதர்க் காய்ச்சல், மாட்டுக்கு வந்தது செந்நீர். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ மாட்டுக்கு உண்ணி எடுத்தா போதும், பையனைப் புதர்ப் பக்கம் விடக்கூடாது, அப்படித்தானே?" என்றார்.