விண்டோஸ் வட்டை மெலிதாக்கும் என்லைட்: நீக்குவது கோப்பை மட்டுமா?

விண்டோஸை நிறுவி முடித்த பிறகு வேண்டாத மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்குவது நம்மில் பலருக்கும் பழகிய வேலை. நிறுவுவதற்கு முன்பே, நிறுவல் வட்டின் உள்ளடக்கத்தில் கை வைத்து அவற்றை எடுத்துவிடுவது அதைவிட நுட்பமானது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்த இலவச மென்பொருள்தான் என்லைட். 64 எம்பி நினைவகத்திலும் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட எக்ஸ்பி, அத்தகைய கணினிகளில் உண்மையில் தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. அதனால் பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு இந்த மென்பொருள் பெரிய உதவியாக இருந்தது.

எக்ஸ்பி சிடியைத் திறந்தால் ஐ386 என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவற்றின் பெயர் அடிக்கோட்டில் முடியும். நோட்பேடின் பெயரில்கூட 'இஎக்ஸ்இ' என்ற முடிவின் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடிக்கோடு நிற்கும். அந்தக் கோப்பு சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது, நிறுவும்போது விரிக்கப்பட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. இடம் வேண்டும் என்று இவற்றில் சிலவற்றை நாமே அழித்துவிட்டால் என்ன ஆகும்? நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளாக ஓடும் முதல் கட்டத்திலேயே, இன்ன கோப்பைப் படியெடுக்க முடியவில்லை என்று சொல்லி நிறுவல் நின்றுவிடும். கோப்பு போய்விட்டது, ஆனால் அதன் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது என்பதுதான் காரணம்.

எந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அந்தப் பட்டியலின் பெயர் டெக்ஸ்ட்செட்டப். அது சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். இது தவிர, விருப்பக் கூறுகளை வரிக்கு ஒன்றாகச் சொல்லும் சிஸ்ஓசி என்ற கோப்பும் உண்டு. எக்ஸ்பி முதலில் வெளியான 2001இல், விண்டோஸ் மெசஞ்சருக்கான வரியில் 'ஹைட்' (மறை) என்ற ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டுக் கண்ட்ரோல் பேனலைத் திறந்தால், அதுவரை நீக்கவே முடியாது என்று தோன்றிய மெசஞ்சர், நீக்கக்கூடிய கூறுகளின் வரிசையில் வந்து நிற்கும். கூறுகளைப் பிரிக்கும் வசதி விண்டோஸுக்குள் முன்பே இருந்தது, பயனரின் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு சொல்லே சான்று.

என்லைட் செய்தது இத்தகைய பட்டியல்கள் அனைத்தையும் ஒருசேரத் திருத்துவது. நாம் ஒரு கூறைத் தேர்ந்தெடுத்தால் அதன் கோப்புகளை ஐ386இலிருந்து எடுக்கும். பட்டியல்களிலிருந்து பெயர்களை நீக்கும். விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கூறைப் பதிவுசெய்யும் வரிகளை அகற்றும். வன்பொருள்களை இயக்க உதவும் டிரைவர்களை அடைத்து வைத்திருக்கும் பெரிய தொகுப்பைப் பிரித்து, வேண்டாதவற்றைக் கழித்துவிட்டு மீண்டும் கட்டும். கடைசியில் கணினியைத் தொடங்கவல்ல, வட்டில் அப்படியே எழுதக்கூடிய ஐஎஸ்ஓ கோப்பாக எல்லாவற்றையும் சேர்த்துத் தரும். 700 எம்பி மட்டுமே கொள்ளும் சிடியில் இப்படிக் கிடைத்த இடத்தில், மைக்ரோசாஃப்டின் திருத்தங்களின் தொகுப்பான சர்வீஸ் பேக்கையும் நம் கணினிக்கான டிரைவர்களையும் சேர்த்துவிடலாம்.

உண்மையான சிக்கல் கோப்புகளில் இல்லை, அவற்றுக்கு இடையே உள்ள உறவுகளில் இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேண்டாம் என்று நினைப்பவர் ஒரு பிரவுசரைத்தான் மனத்தில் வைத்திருப்பார். ஆனால் அதற்கு அடியில் இருந்து வலைப்பக்கத்தை வரைந்து காட்டும் நூலகக் கோப்பை, விண்டோஸின் உதவிப் பக்கங்களைக் காட்டும் நிரலும் பயன்படுத்துகிறது. அந்த அடித்தளத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் உதவிப் பக்கங்கள் திறக்கா. இதனால்தான் பிரவுசரையும் அதன் மையத்தையும் என்லைட் இரண்டு தனிக் கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. எந்தெந்த வசதிகள் கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு, அவற்றுக்கு வேண்டிய கூறுகளை நீக்கவிடாமல் காத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். அந்த மென்பொருளின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து.

தமிழில் படிப்பவர்கள் மொழிகள் என்ற பிரிவில் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பியில் தமிழ் தெரிய லதா எழுத்துரு மட்டும் போதாது. 'கொ' என்று எழுதும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைத்து அடுக்கும் யூனிஸ்கிரைப் என்ற பகுதியும், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவும் வேண்டும். ஆங்கிலம் மட்டும் போதும் என்று எல்லா மொழிகளையும் எழுத்துருக்களையும் நீக்கிய கணினியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாகவே இருக்கும்.

விஸ்டா வந்தபோது நிறுவல் முறையே மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான தனிக் கோப்புகள் இருந்த இடத்தில், ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒரு விண்டோஸின் முழு உருவத்தை அடக்கிய விம் என்ற ஒரே பெரிய கோப்பு வந்தது. அதற்காக அதே ஆசிரியர் விலைட் என்ற மென்பொருளையும், பிற்காலத்தில் என்டிலைட்டையும் உருவாக்கினார். விம் கோப்பின் அமைப்பு சுவையானது. விண்டோஸின் பல பதிப்புகளின் உருவங்கள் ஒரே விம்முக்குள் இருக்கலாம். ஒரே கோப்பு ஹோம், புரோ ஆகிய இரண்டு பதிப்புகளிலும் இருந்தால், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண்ணை ஒப்பிட்டு, ஒரே ஒரு படியை மட்டுமே அது சேமிக்கும். ஆகவே, புரோ வேண்டாம் என்று அந்தப் பதிப்பை முழுவதுமாக நீக்கினாலும் கோப்பின் அளவு நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது.

விண்டோஸ் 7 முதல் மைக்ரோசாஃப்டே தரும் டிஸ்ம் என்ற கருவியால், இந்த உருவத்தை ஒரு கோப்புறை போலத் திறந்து, முன்கூட்டியே வைக்கப்பட்ட செயலிகளை எடுத்து, மீண்டும் மூடி வைக்க முடிகிறது. செயலிகளை எடுப்பது எளிது. அதற்கும் ஆழமாகப் போகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. விண்டோஸின் முக்கியக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் நாம் காணும் பெரும்பாலான கோப்புகள், வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற களஞ்சியத்தில் உள்ள கோப்புகளுக்கு இடப்பட்ட இரண்டாவது பெயர்கள்தாம். சிஸ்டம்32இல் உள்ள பெயரை அழித்தால் இடம் கிடைக்காது. களஞ்சியத்திலேயே கை வைத்தால் இடம் கிடைக்கும், ஆனால் அடுத்த அப்டேட் வந்து தான் மாற்ற வேண்டிய கூறின் பதிவைத் தேடும்போது அது இருக்காது, அப்டேட் தோற்றுவிடும். பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற முடியாத இயங்குதளத்தை அன்றாடப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செயலிகளை எடுத்து உருவத்தை மூடிய பிறகும் விம் கோப்பின் அளவு மாறாமல் இருப்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். நீக்கப்பட்டது உருவத்தின் அட்டவணையில் உள்ள குறிப்பு மட்டுமே, பழைய தரவு கோப்புக்குள் அப்படியே கிடக்கிறது. டிஸ்மின் ஏற்றுமதிக் கட்டளையைக் கொண்டு அந்த உருவத்தைப் புதிய விம் கோப்பாக எழுதும்போது, அட்டவணையில் இன்னும் பெயர் உள்ள தரவு மட்டுமே அங்கே போகிறது. நாம் கழித்தவற்றின் இடம் அப்போதுதான் மிச்சமாகிறது.